ஓதம் ஏறிய சுவரும் பிடித்துவைத்த அட்வான்சும்: வேளச்சேரி வாடகை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னை வேளச்சேரியில் 2008-இல் கட்டி முடித்த அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழே வண்டி நிறுத்தம், மேலே நான்கு மாடி, மொத்தம் 16 வீடு. ஆய்வுக்குரிய வீடு இரண்டாம் மாடியில் இருக்கிறது. 870 சதுர அடி, இரண்டு படுக்கையறை. உரிமையாளர் கோயம்புத்தூரில் வசிப்பவர். வாடகை வசூல், பழுது, ஆள் மாற்றம் எல்லாவற்றையும் ஒரு வாடகை நிர்வாகியிடம் ஒப்படைத்திருந்தார். அந்த நிர்வாகி பொறுப்பேற்றது 2023 ஆகஸ்ட்டில்தான். அதற்கு முன் உரிமையாளரே தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடியிருந்தவர்கள் கணவன், மனைவி, ஐந்து வயதுக் குழந்தை. 2021 ஜூனில் வந்தார்கள். வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 90,000 ரூபாய். 20 ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம், இரண்டு முறை புதுப்பித்தது. காலி செய்யும்போது பெயிண்டுக்காக ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும் என்று அதில் ஒரு வரி இருந்தது. சென்னையில் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இந்த வரியைப் பார்க்கலாம்.

ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படவில்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 11 மாதமே ஆனாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிய வேண்டும் என்கிறது அது. பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாக முன்வைப்பதிலும் சிக்கல் உண்டு. ஆகவே பிணக்கு வாடகை நீதிமன்றம் வரை போயிருந்தால் இரு தரப்பின் கையிலும் வலுவான காகிதம் இல்லை. பேசித் தீர்ப்பதே நல்லது என்று நிர்வாகி முதலிலேயே முடிவெடுத்ததற்கு இது முதல் காரணம்.

காலி செய்தபோது எழுந்த பிணக்கு

2023 டிசம்பர் கடைசியில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, 2024 ஜனவரி 31-இல் குடும்பம் வெளியேறியது. சின்னப் படுக்கையறையில், குளியலறையை ஒட்டிய சுவர் பாழாகியிருந்தது. பெயிண்ட் பொரிபொரியாக உப்பி உரிந்திருந்தது. விரலால் தட்டினால் பூச்சு மணலாக உதிர்ந்தது. அந்தச் சுவரோடு சேர்த்துச் செய்த அலமாரியின் பின்பலகை ஊதிப் பிளந்திருந்தது. உள்ளே பூஞ்சை வாடை.

புகைப்படங்களைப் பார்த்த உரிமையாளர் அன்று மாலையே பிடித்தப் பட்டியல் அனுப்பினார். பெயிண்ட் 18,000, சுவர் பழுது 22,000, அலமாரி 15,000, கீசர் 3,500, குழாய் முதலான சில்லறை 1,800. ஆக 60,300 ரூபாய். திருப்பித் தருவது 29,700. அவர் சொன்ன காரணம்: "ஜன்னலையே திறக்காம, துணியெல்லாம் ரூமுக்குள்ளயே காயப்போட்டு வச்சிருக்காங்க. இல்லன்னா மிக்ஜாம் புயல்ல நனைஞ்சிருக்கும். எப்படிப் பாத்தாலும் வீட்டுக்கு ஏற்கெனவே இருந்த குறை இல்ல."

குடியிருந்தவர் மறுத்தார். ஒரு சாவியைத் தானே வைத்துக்கொண்டு, பீரோவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். முழுத்தொகை வராமல் சாவி வராது என்றார். இது பலரும் செய்வது, ஆனால் அவர்களுக்கே பாதகமாக முடிவது. காலியான வீடு உரிமையாளர் கைக்குப் போன நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதி அட்வான்சைத் தர வேண்டும் என்பது சட்டம். சாவி கையில் இருக்கும்வரை அந்த ஒரு மாதம் தொடங்கவே தொடங்காது. வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது என்று எதிர்த்தரப்பு சொல்லவும் இடம் கிடைத்துவிடும்.

நிர்வாகி எடுத்த முதல் முடிவு இதைப் பற்றியதுதான். பிப்ரவரி 2-ஆம் தேதி அரைப்பக்கக் குறிப்பு ஒன்றை எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். வீடு இன்று ஒப்படைக்கப்பட்டது, பீரோ எடுக்கப்பட்டது, நான்கு சாவிகளும் வந்தன, பிடித்தத்தில் உடன்பாடு இல்லை, காரணம் ஆய்ந்து பிப்ரவரி 28-க்குள் கணக்கு முடிக்கப்படும். உரிமையாளர் அலைபேசி வழியாக ஒப்புக்கொண்டார். "உங்க பணத்த விட்டுக்கொடுக்கச் சொல்லல சார், நாள் எண்ண ஆரம்பிக்கட்டும்னுதான் கேக்கறேன்" என்று நிர்வாகி சொன்ன பிறகே குடியிருந்தவர் சாவியைக் கொடுத்தார்.

சுவரில் தெரிந்தவை

ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் யார் பணம் தருவது என்று பேசுவதில் பயனில்லை. ஈரச்சுவருக்கு நான்கு வழிகள் உண்டு, ஒவ்வொன்றும் தன் தடத்தை விட்டுச் செல்லும். தரையிலிருந்து ஏறும் ஓதம் தரைத்தளத்தில்தான் வரும், அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்குள் நிற்கும். மழைக்கசிவு வெளிச்சுவரில், விரிசலையோ சன்ஷேடு ஒட்டிய இடத்தையோ பிடித்து இறங்கும், மாசி பங்குனியில் காய்ந்துவிடும். அறையின் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிவதால் வருவது மேலோட்டமான கரும்புள்ளி. பிளீச் நீரில் துடைத்தால் போய்விடும், பூச்சு கெட்டியாகவே இருக்கும். குழாய்க்கசிவு பழுப்பு ஓரம் கட்டும், உப்பு பூக்கும், பூச்சை உதிர்க்கும்.

இந்தச் சுவர் உட்சுவர், நாலரை அங்குலச் செங்கல். மழை நேரே படவே வழியில்லை. உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, பூச்சு உதிர்ந்தது. நான்காம் வகைக்கான அடையாளம் இது. ஆனால் அடையாளத்தை மட்டும் வைத்து 60,000 ரூபாய்ப் பிணக்கை முடிக்க முடியாது.

பிப்ரவரி 3-ஆம் தேதி சுவரில் ஓரடிக்கு ஓரடி சாக்பீஸ் கட்டம் போட்டு, ஊசி வைத்த ஈரமானியால் ஒவ்வொரு கட்டத்தையும் அளந்தார்கள். இந்தக் கருவி மரத்துக்காகச் செய்தது. சுவரில் அது காட்டும் எண்ணை ஈரச் சதவீதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒப்பிட மட்டும் பயன்படுத்தலாம். அதனால் முதலில் ஹாலில் காய்ந்த சுவரை அளந்தார்கள்: 9. பழுதான சுவரின் உச்சியில் கூரையை ஒட்டி 38. கீழே வர வரக் குறைந்து, நான்கடி உயரத்தில் 16. அதன்பின் மறுபடி ஏறி, தரையிலிருந்து ஒன்றரை அடியில் 27.

நடுவில் குறைந்து இரு முனையிலும் ஏறுவது ஒற்றைக் கசிவின் வேலையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அங்கேயே இரண்டு கசிவு என்று குறித்துக்கொண்டார்கள். அளக்காமல் விட்டிருந்தால், மேல்கசிவை அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று பெயிண்ட் அடித்திருப்பார்கள். ஆறு மாதத்தில் அடிச்சுவர் திரும்ப உரிந்திருக்கும்.

அடுத்து பாலித்தீன் சோதனை. ஓரடிச் சதுரத் தாளை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் நாற்புறமும் டேப் ஒட்டி 24 மணிநேரம் விட்டார்கள். மேலும் கீழும் தாளின் உட்புறம், அதாவது சுவரைத் தொட்ட பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அறைப்பக்கம் உலர்ந்திருந்தது. நடுத்தாள் இருபுறமும் உலர்ந்திருந்தது. நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்பது இதில் உறுதி. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: வீடு அப்போது காலி. சமையலும் குளியலும் துணி உலர்த்தலும் நடக்கும் வீட்டில் அறைக்காற்றின் ஈரம் கூடுதலாக இருந்திருக்கும். ஆகவே ஈரக்காற்றுக்குப் பங்கே இல்லை என்று இந்தச் சோதனை சொல்லாது. பெரிய படுக்கையறையில் பீரோ இருந்த மூலையில் கரும்புள்ளிகள் இருந்தன. அது துணி உலர்த்தியதால் வந்ததுதான். குடியிருந்தவரே வந்து துடைத்துக் கொடுத்தார், சுவரில் சேதமில்லை.

பிவிசி கூரைக்கு மேலே

குளியலறையில் பிவிசி பலகையால் போலிக்கூரை போட்டிருந்தார்கள். எப்போது என்று கேட்டபோது உரிமையாளர் 2016 என்றார். எதற்கு என்று கேட்டபோது, "பாக்க நல்லா இருக்கட்டும்னு" என்றார். மூலையில் ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்ததும் இந்தப் பிணக்கின் பாதி விடை கிடைத்துவிட்டது.

சிலாப்பின் அடியில் சுண்ணாம்பு விழுதுகள் தொங்கின. நீளமானது நடுவிரல் அளவு. நுனியில் ஒரு சொட்டு நின்று, விழுந்து, மறுசொட்டு கூடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கான்கிரீட் ஒரு முழத்துக்குப் பெயர்ந்து, இரண்டு கம்பிகள் துருவேறித் தெரிந்தன. பலகைகளின் மேல்முகத்தில் காய்ந்த சுண்ணாம்புப் படலம். அந்தப் படலத்தின் விளிம்பு சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. போலிக்கூரை சொட்டைக் கண்ணிலிருந்து மறைத்ததோடு நிற்கவில்லை. கீழே விழ வேண்டிய நீரைத் தாங்கி, சுவருக்கு வழிகாட்டியும் விட்டது.

கான்கிரீட்டிலுள்ள சுண்ணத்தை நீர் கரைத்துக்கொண்டு வந்து, காற்றுப்பட்டு இறுகினால்தான் இப்படி விழுது வளரும். ஒரு புயலில் வளர்வதல்ல. குடியிருந்தவரும் பழைய வாட்ஸ்அப் செய்தி ஒன்றை எடுத்துக் காட்டினார். 2022 மார்ச் கடைசியில், அதாவது பருவமழை ஓய்ந்து இரண்டு மாதம் கழித்து, அதே சுவர் மூலையின் படத்தை உரிமையாளருக்கு அனுப்பியிருந்தார். வந்த பதில்: "வெயில் வந்தா காஞ்சிடும்மா." மிக்ஜாம் வந்தது 2023 டிசம்பரில்.

மேல்வீட்டாரிடம் பேசியது

மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற தம்பதி. சொந்த வீடு. முதல் நாள் பிளம்பரோடு போய்க் கதவைத் தட்டியது நிர்வாகியின் தவறு. பெரியவர் உள்ளேயே விடவில்லை. "எங்க பாத்ரூம்ல ஒரு சொட்டு ஒழுகல. நீங்க உடைக்கணும்னு முடிவு பண்ணிட்டே வந்திருக்கீங்க" என்றார். பிளம்பர் கையில் சுத்தியல் பையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவர் சொன்னதும் பொய்யில்லை. கசிவு நிகழும் வீட்டில் கசிவு தெரியாது, தரைக்கு அடியில் நடப்பது கீழ்வீட்டுக்குத்தான் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, குடியிருப்புச் சங்கச் செயலாளரோடு, கையில் எதுவும் இல்லாமல் போனார். பெரியவரைக் கீழே கூட்டிவந்து கழற்றிய பலகை வழியே காட்டினார். துருப்பிடித்த கம்பிகளைப் பார்த்ததும் பேச்சு மாறியது. அது அவர் நிற்கும் தரையின் கம்பி. "உடைக்க வேண்டாம் ஐயா. நாலு நாள் இந்தக் குளியலறையப் புழங்காம இருங்க, இன்னொண்ணு இருக்கே. சொட்டு குறையுதான்னு அளந்து பாப்போம். குறையலன்னா நாங்க வேற இடம் தேடறோம்" என்று கேட்டார் நிர்வாகி. ஒப்புக்கொண்டார்கள்.

சொட்டை அளந்த வாரம்

விழுதின் அடியில் அளவுக்கோடு போட்ட ஒரு லிட்டர் குவளையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பிப்ரவரி 8 காலையிலிருந்து 9 காலை வரை, வழக்கமான புழக்கத்தில், 340 மில்லி. 9-ஆம் தேதி காலை மேல்வீட்டுக் குளியலறைப் புழக்கம் நின்றது. ஆனால் குழாய்களுக்கு நீர் வரும் வால்வை மூடாமல் திறந்தே விட்டார்கள். காரணம் எளிது: எப்போதும் நீர் அழுத்தத்தில் நிற்கும் வரத்துக்குழாய் கசிந்தால், யாரும் குளிக்காவிட்டாலும் சொட்டு அதே வேகத்தில் விழும். கழிவுநீர்ப் பக்கம் கசிந்தால் மட்டுமே புழக்கம் நின்றதும் குறையும்.

10-ஆம் தேதி காலை 290. 11-இல் 170. 12-இல் 90. 13-இல் 55. முதல் நாளே பெரிதாகக் குறையாததைக் கண்டு பிளம்பர் வரத்துக்குழாய்தான் என்று அடித்துச் சொன்னார். ஆனால் அந்தக் குளியலறை சங்கன் சிலாப்; தரைக்கும் சிலாப்புக்கும் நடுவே ஓரடிக்குச் செங்கல் ஜல்லி நிரப்பியது. அது குடித்து வைத்திருக்கும் நீர் வடிய நாளாகும். ஒரே நாள் பார்த்து முடிவு கட்டியிருந்தால் தேவையில்லாமல் சுவரை உடைத்துக் குழாய் மாற்றியிருப்பார்கள்.

13-ஆம் தேதி அடுத்த கட்டம். தரைவடிகாலின் நஹானி டிராப்பை (தரைநீர் இறங்கும் கிண்ணத்தை) ரப்பர் அடைப்பானால் அடைத்து, தரையில் ஓரங்குலத்துக்கு நீர் நிறுத்தி, சொட்டு நீலம் கலந்தார்கள். கழிப்பறைக் கோப்பையைப் பத்துத் தடவை ஃபிளஷ் செய்தார்கள். 24 மணிநேரத்தில் கீழே விழுந்தது 50 மில்லி. கூடவில்லை. டைல்ஸ் இடுக்கும் கோப்பையின் குழாயும் காரணமல்ல. 14-ஆம் தேதி காலை அடைப்பானை எடுத்து, தேங்கிய நீர் முழுவதையும் டிராப் வழியே விட்டார்கள். நான்கு மணிநேரத்துக்குள் சொட்டு ஓட ஆரம்பித்தது. மறுநாள் காலைக்குள் 410 மில்லி.

நீலம் கடைசிவரை கீழே தெரியவில்லை. செங்கல் ஜல்லியும் மண்ணும் நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். நிறம் வந்தால் அது நல்ல சான்று. வராவிட்டால் கசிவு இல்லை என்று பொருளல்ல. இதை முன்கூட்டியே பெரியவரிடம் சொல்லியிருந்ததால்தான் அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அடிச்சுவர்க் கசிவு வேறு கதை. அது இந்த வீட்டுக் குளியலறையின் வாளிக்குழாய்க்குப் பின்னால். குழாய் வாய்களை அடைத்து, கைப்பம்பால் 6 கிலோ அழுத்தம் ஏற்றினார்கள். 20 நிமிடத்தில் நாலரைக்கு இறங்கியது. ஒரு டைலை உடைத்தபோது, சுவருக்குள் சிபிவிசி (பிளாஸ்டிக்) முழங்கையோடு குழாயை இணைக்க இரும்பு எக்ஸ்டென்ஷன் துண்டு போட்டிருந்தது தெரிந்தது. மரையெல்லாம் துரு. போர் தண்ணீரில் இரும்பு அவ்வளவுதான் தாங்கும். குழந்தை குழாயில் வாளியை மாட்டித் தொங்கியதால் உடைந்திருக்கும் என்று உரிமையாளர் சொல்லிப் பார்த்தார். வளைந்து முறிந்த தடம் அதில் இல்லை, அரித்துத் தின்ற தடம்தான் இருந்தது. பித்தளைத் துண்டு மாற்றி, டைல் ஒட்ட ஆன செலவு 1,200 ரூபாய்.

அட்வான்ஸ் கணக்கு

மேல்வீட்டு வேலை முடியட்டும், அப்புறம் கணக்கு பார்ப்போம் என்று உரிமையாளர் விரும்பினார். நிர்வாகி மறுத்தார். காரணம் தெரிந்துவிட்டது, பழுது முடியும் தேதிக்கும் குடியிருந்தவரின் பணத்துக்கும் தொடர்பில்லை.

சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பராமரிப்பை இரு தரப்புக்கும் பிரித்துக் கொடுக்கிறது. வாடகைதாரரால் நேராத கட்டுமானப் பழுது, சுவருக்குச் சுண்ணாம்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், குழாய் மாற்றுதல், மின்கம்பி இவை உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், வடிகால் சுத்தம், கீசர் பழுது, ஸ்விட்ச், கதவு அலமாரிகளின் பூட்டும் கைப்பிடியும் வாடகைதாரர் பக்கம். இதை வைத்துப் பட்டியலை வரிவரியாகப் பார்த்தார்கள்.

சுவர் 22,000, அலமாரி 15,000 இரண்டும் முழுக்க நீங்கின. கீசரில் ஹீட்டிங் காயில் உப்புப் படிந்து எரிந்திருந்தது, கீசர் நன்றாக இருந்தது. காயில் மாற்ற 1,450. இரண்டு குழாய்களின் உட்பகுதி 600. சமையலறை அலமாரிக் கைப்பிடிகள் 350. முடியும் சோப்பும் அடைத்த வடிகாலைச் சுத்தம் செய்ய 500. ஆக 2,900.

பெயிண்ட்தான் இழுபறி. ஒப்பந்தத்தில் ஒரு மாத வாடகை என்று இருக்கிறது, அட்டவணை வேறு சொல்கிறது, ஒப்பந்தமோ பதியப்படவில்லை. இரண்டே முக்கால் ஆண்டில் பெயிண்ட் மங்குவது சாதாரணத் தேய்மானம். ஹால் சுவரில் குழந்தை கிரேயானில் வரைந்ததும் ஆணித்துளைகளும் தேய்மானமல்ல. அவற்றுக்கு மட்டும் 4,500 என்று நிர்வாகி மதிப்பிட்டார். குடியிருந்தவர் தன் பக்கம் பூஞ்சை பிடித்த மெத்தைக்கும் துணிகளுக்கும் 9,000 கேட்டார். மெத்தையை ஏற்கெனவே தூக்கிப் போட்டுவிட்டார், தேதியுள்ள படமும் இல்லை. ஆனாலும் 2022-லேயே சொல்லியிருந்தார் என்பது உண்மை. இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்வதென்று முடிந்தது. பிப்ரவரி 27-ஆம் தேதி 87,100 ரூபாய் வங்கி வழியாகப் போனது.

பழுதுபார்த்த விதம்

உரிமையாளரின் முதல் யோசனை, கீழிருந்து சிலாப்புக்கு நீர்த்தடுப்புப் பெயிண்ட் அடிப்பது. 6,000 ரூபாயில் முடியும். நிர்வாகி இதைக் கடுமையாகத் தடுத்தார், அது சரியான முடிவு. மேலே நீர் வருவது நிற்காமல் அடியை அடைத்தால், அது சிலாப்புக்குள் தேங்கிப் பக்கவாட்டில் பரவும். கம்பி இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும்.

பிப்ரவரி 19-ஆம் தேதி மேல்வீட்டில் டிராப்பைச் சுற்றி இரண்டடிக்கு இரண்டடி மட்டும் திறந்தார்கள். டிராப்பின் வாயும் 75 மில்லிமீட்டர் பிவிசி குழாயும் சேரும் இடத்தில், பிவிசியை ஒட்டும் பசையான சால்வென்ட் சிமெண்டே இல்லை. சாதாரண சிமெண்ட் கலவையை அப்பி விட்டிருந்தார்கள். வழவழப்பான பிவிசியில் சிமெண்ட் ஒட்டாது. முதல் சில ஆண்டு பிடித்தது போல இருந்து, சுருங்கி, வளையமாக இடைவெளி விட்டுவிடும். மயிரிழைதான், ஆனால் ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம்.

இணைப்பை மட்டும் சரிசெய்து மூடிவிடலாமா என்ற கேள்வி வந்தது. 14,000 ரூபாயில் முடிந்திருக்கும். ஜல்லியைக் கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் வந்தது. அதை உள்ளே வைத்து மூடினால் மாதக்கணக்கில் வடிந்துகொண்டே இருக்கும், புதுக்கசிவா பழைய நீரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முழுவதும் எடுப்பதென்று முடிவு. 7-க்கு 5 அடி அறை, ஓரடி ஆழம். 42 மூட்டை கழிவு மூன்று மாடி இறங்கியது.

சிலாப்பைக் கழுவி நான்கு நாள் காயவிட்டார்கள். மூலைகளைக் கலவையால் வளைவாகப் பூசி, கண்ணாடியிழை வலை பதித்து, பாலிமர் சிமெண்ட் பூச்சு இரண்டு கை; முதல் கை நீளவாக்கில், இரண்டாவது குறுக்காக, சுவரில் ஓரடி ஏற்றி. அதன்மேல் 48 மணிநேரம் நீர் நிறுத்திக் கீழே குவளை காலியாக இருப்பதைப் பார்த்த பிறகே மேற்கொண்டு போனார்கள். இந்த இரண்டு நாளைத் தாண்டிவிட மேஸ்திரி அவசரப்பட்டார், நிர்வாகி விடவில்லை. புதுக்குழாய்கள் எல்லாம் சால்வென்ட் சிமெண்டில். சிலாப் மட்டத்தில் ஊறும் நீர் வெளியேற 25 மில்லிமீட்டர் குழாய் ஒன்றும் வைத்தார்கள். நிரப்புக்கு ஜல்லிக்குப் பதிலாக எடை குறைந்த ஏஏசி கல் துண்டுகள், மேலே இரண்டங்குலக் கான்கிரீட், டிராப்பை நோக்கி 7 அடிக்கு ஓரங்குலம் சரிவு, டைல்ஸ் இடுக்கில் எபாக்ஸி.

மொத்தம் 64,500 ரூபாய். குழாயும் டிராப்பும் மேல்வீட்டுக்கு மட்டும் உரியவை, ஆகவே முழுத்தொகையும் அவர்கள் தலையில் விழ வேண்டும் என்பது கீழ்வீட்டு உரிமையாளரின் வாதம். ஆனால் 2016-இல் சொட்டைப் பார்த்துத்தான் போலிக்கூரை போட்டேன் என்று பேச்சுக்கிடையே அவரே ஒப்புக்கொண்டார். அன்றைக்கே மேலே சொல்லியிருந்தால் சின்ன வேலை. செயலாளர் முன்னிலையில் மேல்வீடு 46,000, கீழ்வீடு 18,500 என்று முடிந்தது.

சிலாப்பின் அடியைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். கம்பியின் தடிமன் பெரிதாகத் தேயவில்லை என்று சொன்ன பிறகு, இளகிய கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலவையால் அடைத்தார்கள்.

காயவிட்ட காலம்

பிப்ரவரி 25-ஆம் தேதி ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்து 19,000 வாடகைக்குத் தயார் என்றது. பெயிண்ட் மட்டும் அடித்துக் கொடுங்கள் என்றார் உரிமையாளர். சுவர் அப்போது 35 காட்டியது. ஈரத்தின் மேல் புட்டியும் பெயிண்டும் இரண்டு மாதம்கூட நிற்காது. புதிதாக வருபவரிடமும் இதே பிணக்கு தொடங்கும் என்று நிர்வாகி எழுத்தில் அனுப்பினார். உரிமையாளர் இரண்டு நாள் பேசவில்லை, பிறகு சம்மதித்தார்.

மார்ச் 1-இல் சுவரின் பூச்சைச் செங்கல் வரை உரித்தார்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் மட்டுமே தட்டி எடுத்தார்கள். நீரில் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். மார்ச் 15-இல் 24, ஏப்ரல் 8-இல் 13. அதன்பின் பூச்சு, பிரைமர், பெயிண்ட். ஏப்ரல் 20-இல் புதுக்குடும்பம் 18,500 வாடகைக்கு வந்தது.

உரிமையாளருக்கு ஆன செலவு: மேல்வீட்டுப் பங்கு 18,500, சிலாப் அடி 9,000, சுவர் 14,000, அலமாரிப் பின்பலகை 11,000, குழாய்த்துண்டு 1,200, பொறியாளர் 3,000. ஆக 56,700. வீடு காலியாகக் கிடந்த காலத்தின் வாடகை ஏறத்தாழ 48,000. 2016-இல் போலிக்கூரைக்குக் கொடுத்தது 9,000 ரூபாய் என்று நினைவு கூர்ந்தார்.

இனி மாற்றப்படுபவை

நிர்வாகி 2023 ஆகஸ்ட்டில் பொறுப்பேற்றபோது குடியிருப்பவர் இருக்கும்போதே வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை, உரிமையாளர் சொன்னதை எழுதிக்கொண்டார். அன்று பார்த்திருந்தால் மெத்தை போயிருக்காது, வீடு இரண்டரை மாதம் பூட்டிக் கிடந்திருக்காது. இப்போது அவர் பொறுப்பெடுக்கும் எந்த வீட்டிலும் முதல் வாரமே குளியலறைக் கூரை, அதை ஒட்டிய சுவரின் உச்சி, அடி மூன்றையும் அளந்து தேதியோடு குறிக்கிறார்.

புது ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதியப்பட்டது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகையோடு நின்றது. பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை என்ற வரி போய், இரண்டாம் அட்டவணையின் பிரிவே தமிழில் எழுதிச் சேர்க்கப்பட்டது. ஓதம், ஒழுகல் பற்றிச் செய்தி வந்தால் ஏழு நாளுக்குள் ஆள் வந்து பார்க்க வேண்டும் என்று ஒரு வரி கூடியது. இதை உரிமையாளரே கேட்டுச் சேர்த்தார்.

போலிக்கூரை திரும்பப் போடவில்லை. வேண்டும் என்று கேட்கும் மற்ற உரிமையாளர்களிடம், மேல்வீட்டு டிராப்புக்கு நேர் கீழே ஓரடிச் சதுரத்தில் கழற்றி மாட்டும் மூடி வைத்தால் மட்டுமே சம்மதிக்கிறார். சின்னப் படுக்கையறைச் சுவரில், அலமாரிக்குள், 2024 ஏப்ரல் 17 என்று பென்சிலில் தேதி போட்டு 11 என்று எழுதியிருக்கிறது. அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்து அதே இடத்தில் அளந்தபோது 10.